வானத்தில் ஒன்றரை மணி நேரம்

— உனக்குக் கணக்கே வரலடே மோகன். மெட்ராஸ்லேருந்து தூத்துக்குடிக்கு பிளைட்டுல ஒன்றரை மணி நேரம்தான்.

— யோவ் அருள்பாண்டி, அது வானத்துல. தரையில இன்னா பண்ணுவ? ஞாயித்துக்கிழமை நைட் ஷிப்ட் முடிச்சிகினு காலையில இதே கம்பெனி பஸ்ல ஒரகடத்துலேர்ந்து குன்றத்தூர் வருவ. அங்க ஷேர் ஆட்டோ புடிச்சி பல்லாவரம். அதுக்கே ஒன்றரை மணி நேரம் பூடும்.

— போவட்டும்.

— ஏர்போர்ட்ல முன்னாடியே போய் நிக்கணும். ஷூவக் கழட்டு, பெல்ட்டக் கழட்டுன்னுவான்.

— கழட்டுதேன். வாகைகுளம் ஏர்போர்ட்டுல எறங்குனா மாமா பைக்கோட நிப்பாரு. கோவில்பட்டி தாண்டுனா கழுகுமலை. பொண்ணு வீடு வந்துரும்லா.

— அது ஒரு ரெண்டு மணி நேரம். பறக்குறது கம்மி, உருள்றதுதான் ஜாஸ்தி கீது. பேசாம பஸ்ல போயேன்.

— பஸ்ல போனா திங்கக்கிழம ராத்திரி ஷிப்டுக்குத் திரும்ப முடியாது. லீவு கேட்டா சூப்பர்வைசர் காதுலயே வாங்க மாட்டேங்காரு. ரெண்டு தடவ பொண்ணு பாக்க வாரேன்னு சொல்லிட்டுப் போவல. இந்தத் தடவயும் வரலன்னா வேற மாப்பிள பாத்துக்கிடுவோம்னுட்டாவ.

— திரும்பி வர்ற பிளைட்டு?

— அன்னைக்கு சாயங்காலமே.

— அப்ப பொண்ண எவ்ளோ நேரம்பா பாப்ப?

— ஒரு காப்பி குடிக்க நேரம்.

— சூடா குடுத்தாங்கன்னா அத்த ஆத்தவே டைம் பத்தாது! வீடியோ கால்ல பாத்துட்டுப் போவியா...

— மாப்பிள வாசப்படி மிதிச்சு நேர்ல பாக்கணும்னு அவ அம்மை ஒத்தக்கால்ல நிக்கா.

— போட்டோவாச்சும் பாத்தியா?

— பாத்தேன். யாரு கல்யாணத்துலயோ அலங்காரம் பண்ணி எடுத்தது. ரோட்டுல எதுக்க வந்தா அடையாளம் தெரியாது. ஆனா அதுலேருந்து மனசு அங்கயே கெடக்குடே.

— அண்ணே...

— என்ன தங்கச்சி? முன் சீட்டுல இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டா வார?

— அட, இன்னாம்மா! மூணு வருசமா இதே பஸ்ல வர்ற. மாஸ்க்க எறக்கி ஒருநாள் பேசுனதில்ல. இன்னிக்கு இன்னா ஆச்சு?

— கழுகுமலைல யாரு வீட்டுக்குண்ணே போறிய?

— காசிராஜன் வீடு. அவர் மவ இங்கிட்டுதான் ஏதோ கம்பெனில வேலையாம். அன்னைக்கு ஊருக்கு வந்துருமாம். எதுக்குக் கேக்க?

— டிக்கெட்ட கேன்சல் பண்ணிருங்க. அங்க பொண்ணு இருக்காது.

— ஐயோ! வேற எடம் முடிஞ்சிட்டா?

— அதெல்லாம் இல்ல. அந்தப் பொண்ணுக்கும் லீவு கெடைக்கல. இன்னைக்குத்தான் முடியாதுன்னுட்டாவ.

— அது ஒனக்கு எப்படித் தெரியும் தங்கச்சி?

— மொதல்ல என்னையத் தங்கச்சின்னு கூப்பிடுறத நிப்பாட்டுங்க. கோட்டு போட்ட போட்டோவுல நீங்களும்தான் வேற ஆளா இருக்கிய.