ஒரே நம்பர்

— உங்க திரையிலயும் பாருங்கம்மா. என் பெரிய பொண்ணு பேருக்கு நேரா பச்சை. பச்சைன்னா உயிரோட இருக்கான்னுதானே?

— ஆமாய்யா. கவுந்த படகுலேர்ந்து மீட்டவங்கள தங்க வெச்சிருக்கிற பள்ளிக்கூடத்துல இருக்காங்கன்னு போட்டிருக்கே. போனீங்களா?

— அங்கேர்ந்துதான் வரேன். அங்க இருக்கிறது சின்னவ. பெரியவளக் காணோம். போன்ல வர இந்தப் பக்கத்த நீங்கதான் செஞ்சீங்கன்னு வாசல்ல சொன்னாங்க.

— நான்தான். அதாவது, பள்ளிக்கூடம், போலீஸ், ஆஸ்பத்திரிங்க, எல்லார்கிட்டயும் தனித்தனி பட்டியல். ஜனங்க வாசப்படி வாசப்படியா ஏறி இறங்கினாங்க. எல்லாத்தையும் ஒண்ணாக்கி, போன் நம்பரப் போட்டா ஒரே வரியில பதில் வர மாதிரி பண்ணேன்.

— நல்ல காரியம்தாம்மா. யாரு இல்லன்னா.

— ரெண்டு பேரும் என்ன நம்பர் குடுத்திருப்பாங்க?

— என் நம்பர்தான். வீட்டுக்கே ஒரு போன். சின்னதுலேயே மனப்பாடம் பண்ண வெச்சுட்டேன். தூக்கத்துல கேட்டாலும் ரெண்டும் சொல்லும்.

— ஐயா, பேர ஒவ்வொரு இடத்துலயும் ஒவ்வொரு மாதிரி எழுதுறாங்கன்னு, நம்பர் ஒண்ணா இருந்தா ஆளும் ஒண்ணுன்னு சேக்க வெச்சிருந்தேன். அதாவது, முதல்ல வந்த பேரு நிக்கும். ஒரு இடத்துல நல்லாருக்காங்கன்னு வந்தாலே பச்சை.

— அதுங்க ரெண்டையும் ஒரு கட்டில்ல படுக்க வைக்கவே முடியாதும்மா. நீங்க ஒரே ஆளாக்கிட்டீங்க. பரவாயில்ல, பிரிச்சு, பெரியவ எங்கன்னு சொல்லுங்க. ஓடிடுறேன்.

— இருங்க. பெரியாஸ்பத்திரி. நேத்து கொண்டுவந்திருக்காங்க. நினைவோட இருந்திருக்காங்க. நம்பர அவங்களே சொல்லியிருக்காங்க.

— அப்புறம் ஏன் எங்கள யாரும் கூப்பிடல? போன கீழ வைக்கவேயில்லையே நாங்க.

— பச்சையானவங்க வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம்னு ஆஸ்பத்திரிக்குத் தகவல் போயிடும். அதுவும் நான் வெச்சதுதான். சேதி தெரிஞ்சவங்கள திரும்பத் திரும்பத் தொந்தரவு பண்ண வேண்டாமேன்னு.

— இப்ப எப்படி இருக்கா?

— உக்காருங்கய்யா.

— நின்னுக்கிட்டே கேக்குறேன். சொல்லுங்க.

— இன்னிக்குக் காலையில போயிட்டாங்க. அப்பா வந்துட்டாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்கன்னு நர்ஸ் எழுதியிருக்காங்க. என்ன பாவம் பண்ணிட்டேன் நான். பட்டியல்ல ரெண்டு பேரையும் பிரிச்சுட்டேன்யா. இத அழுத்தினா உங்க போன்ல சரியான சேதி வந்துடும்.

— அழுத்தாதீங்கம்மா. போன் வெளிய அவங்கம்மா கையில இருக்கு.