தாயில்லாத இரண்டு பிள்ளைகள்

தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் பிள்ளைகளின் ஆங்கிலத்தைத் திருத்திக் கொடுப்பது எனக்குப் பிடித்த வேலை, சுவாமி. இத்தாலியில், இந்த அல்பெர்கேரியாப் பகுதியில் எங்கள் ஆட்களுக்கு அதைச் செய்ய வேறு யாரும் இல்லை. என் மகள் டிலக்ஷி லண்டனிலிருந்து போன் எடுத்து உங்களிடம் எல்லாம் சொல்லிவிட்டாள் என்கிறீர்கள். என்னோடு அவள் கதைப்பதில்லை.

லண்டனில் படிக்க உதவித்தொகை கேட்பவர்கள், தாங்கள் பட்ட துன்பத்தைக் கட்டுரையாக எழுத வேண்டும். என் மகளுக்கு எழுத ஒன்றும் இல்லை. நானும் என் மனுசன் றோபேட்டும் வீடு வீடாக வேலை செய்து அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. அது பிழையாகப் போய்விட்டது.

என்னிடம் ஆங்கிலம் திருத்த வரும் கேசிகாவுக்கு இருந்தது. பன்னிரண்டு வயதில் ஆஸ்பத்திரியில் தாய்க்கு மொழிபெயர்த்தவள் அவள். இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று டாக்டர் இத்தாலியனில் சொன்னதை, “கெதியா சுகமாகி வீட்டை போகலாமாம் அம்மா” என்று தமிழில் சொல்லியிருக்கிறாள். தாய் சிரித்தாளாம். அதை எழுதி, திருத்தச் சொல்லி என்னிடம் தந்தாள்.

நல்ல கட்டுரை. நான் அதில் அதிகம் கை வைக்கவில்லை. டிலக்ஷியின் பெயரைப் போட்டேன்.

“அம்மா, நீங்கள் உயிரோடைதானே இருக்கிறியள்” என்றாள் அவள்.

அது பெரிய விஷயமில்லை என்றேன். அவளுடையதை முதலில் அனுப்பினோம். கேசிகாவிடம், இன்னும் திருத்த இருக்கிறது, பொறு என்றேன்.

பிறகு கேசிகாவும் தன்னுடையதை அனுப்பினாள்; இரண்டும் ஒன்றாக இருப்பதை அங்கே கண்டுபிடித்தார்கள். இருவரையும் தெரிந்த ஆசிரியை என்று என் பெயரைக் கொடுத்திருந்ததால் என்னைக் கேட்டார்கள். கட்டுரைப்படி டிலக்ஷியின் தாய் செத்துவிட்டாள், ஆகவே நான்தான் அந்தத் தாய் என்று அவர்களுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கேசிகா பொய் சொல்லிப் பழகிய பிள்ளை என்று பதில் போட்டேன். அது முழுப் பொய்யுமில்லை. தாயிடமே சொன்னவள்.

பிறகு கேசிகா வீட்டுக்கு வந்தாள். “அன்ரி, அம்மாவைக் கடைசியாக் குளிப்பாட்டினது நீங்கள்தானே. அவையளுக்கு ஒருக்கா சொல்லுங்கோ” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு என்னில் சந்தேகம் வந்துவிட்டது என்று விளங்கியது. ஆகவே, அந்தப் பிள்ளை களவாக எழுதி அகப்பட்டதாம் என்று கோயிலில் ஓரிருவரிடம் கவலையோடு சொல்லி வைத்தேன். அதன்பின் அவள் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை, தகப்பன் கதிரேசுகூட.

இப்போது அவள் ஒரேத்தோ வீதியில் வீட்டுவேலை செய்கிறாள். தாய் வேலை செய்த அதே இத்தாலிய எசமானி, சிஞ்ஞோராவின் வீடு. நான்தான் கதைத்து எடுத்துக் கொடுத்தேன். தாயில்லாத பிள்ளை, சுவாமி. நாங்கள்தானே பார்க்க வேண்டும்.