பஹாரோம் பேருக்கு ஒரு பிஸ்கட் கூடை

அட, சத்தியமாம்மா! நான் சொன்னதுல ஒரே ஒரு வார்த்த பொய்யா இருந்தா, இந்த ஆபீசு கூரை இப்பவே என் தலையில மட்டும் எறங்கட்டும். நீ ஏன் தள்ளி உக்கார்ற? ஒண்ணும் ஆவாது. கேக்கு அவ்வளவு பெருசு. மம்பட்டி வச்சுத்தான் வெட்டுனாங்க. நூத்திப்பத்து பேர வீட்டுக்கு அனுப்பறதுக்கு மூணு தட்டு கேக்கு! மேல க்ரீம்ல தெரிமா காசேன்னு மலாய்ல நன்றி வேற.

பிஸ்கட் ஃபேக்டரிம்மா. இருவத்திரெண்டு வருசம் அடுப்புக்கிட்ட நின்னேன். மொதலாளி தாவுகே மைக்கப் புடிச்சுக்கிட்டு அழுதாரு பாரு, ரெண்டு டப்பா டிஷ்யூ காலி. மேனேஜரு பக்கத்துல நின்னு விசிறிவிட்டான். அழுது முடிச்ச கையோட ஆளுக்கொரு ஹேம்பர். உள்ள என்னங்கற? நாங்க சுட்ட பிஸ்கட்டு! கூடையில அடுக்கி, கண்ணாடித்தாள் சுத்தி, ரிப்பன் கட்டி, எங்களுக்கே. அதுவும் ஒடஞ்சது.

அத வாங்கறதுக்கு ஒரு கையெழுத்து. தாளுல மேல நாலு வரி மலாய்ல பொடிசா அடிச்சிருந்தான். யாரு படிச்சா? கோழிக்கறி ஆறிப்போவுதுல்ல. எல்லாம் முண்டியடிச்சுக்கிட்டுப் போட்டோம். இங்க வந்து கேட்டாத்தான் அந்த நாலு வரி தெரியுது. நான் விருப்பப்பட்டு வேலைய விடறேன்னு எழுதியிருக்கான். விருப்பப்பட்டுப் போனவனுக்கு வேலையிழப்புப் பணம் கெடையாதாம். இந்த கௌன்டர் பொண்ணு எங்கிட்டயே கேக்குது, ஏன் அங்கிள் நல்ல வேலைய விட்டீங்கன்னு. அதுக்கு மூஞ்சியில ஒரு சிரிப்பு வேற!

கையா? ஒண்ணுமில்ல, சொறி. மூணு வாரமா வலது கை மட்டும் அரிக்குது.

இன்னைக்கு எனக்காக வரலம்மா. எனக்குத்தான் போன வாரமே இல்லன்னு முடிச்சுட்டாங்களே. துணைக்கு வந்திருக்கேன். அந்தா, நாலாம் கௌன்டர்ல நீலத் தொப்பி. பஹாரோம். எங்கூட அதே அடுப்புல நின்னவன். அவன் அந்த விருந்துக்கே வரல. பொண்டாட்டிக்கு வாரத்துல மூணு நாளு மெசின்ல ரத்தம் சுத்தம் பண்ணணும், அன்னைக்கு அங்க உக்காந்திருந்தான். ஆனா தாளுல அவன் பேருக்கு நேரா ஒரு கையெழுத்து இருக்கு. ஆபீசரு சொல்றாரு, இது உன்னுது இல்லன்னா யாருதுன்னு சொல்லு, இன்னைக்குக் கடைசி நாளுன்னு.

அது அவன் கையெழுத்தே கெடையாதும்மா. பஹாரோம் ஜாவியில போடுவான், அரபு மாதிரி, வலது பக்கத்துலேர்ந்து. தாளுல இருக்கறது இங்கிலீஷ்ல கோணலா, கோழி கிளறுன மாதிரி. கேட்டா, இப்ப மாத்திப் போடறியான்னு அவனையே மொறைக்கிறாங்க. படிச்சவங்க!

அவனும் தெனம் என் முன்னாடி உக்காந்து தே தாரிக் குடிச்சுக்கிட்டே சபிக்கிறான். போட்ட கை அழுகட்டுங்கறான். நானும் ஆமீன்னு சொல்லிட்டு டீக்குக் காசு குடுத்துட்டு வர்றேன்.

ஏன் அப்படிப் பாக்கற?

ஒரு கூடை மிச்சம் இருந்துச்சும்மா. வராதவனுக்குக் கையெழுத்து இல்லாம கெடையாதுன்னான் அந்த மேனேஜரு. நம்மாளு ஒருத்தன் வரலன்னா அவன் பங்கையும் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிடறதுதான எங்க லைன்ல வழக்கம்? பெருநாள் அரிசி, மழைக்கோட்டு, எல்லாம் அப்படித்தான். அவன் எனக்குப் போட்டிருக்கான், நான் அவனுக்குப் போட்டிருக்கேன். அன்னைக்கும் போட்டேன். மிச்சம் கெடந்துச்சுன்னு மட்டும் சொல்லி, கூடையக் கொண்டுபோய் அவன் வீட்டுலயும் குடுத்தேன். அவன் பொண்டாட்டிக்கு அந்த பிஸ்கட்ட திங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். பேரப்பிள்ளைங்க தின்னுச்சுங்க.

இந்தா, இந்த உறையப் புடி. உள்ள என் பேரு, ஐசி கார்டு நம்பரு, நான்தான் போட்டேன்னு எல்லாம் எழுதியிருக்கேன். கீழ அதே கோழிக் கிறுக்கல ரெண்டு தடவ போட்டுக் காட்டியிருக்கேன், ஒப்பிட்டுப் பாத்துக்கட்டும். அடுத்த நம்பரு உன்னுதுதான, அதே கௌன்டருதான? அவன் எந்திரிச்சதும் ஆபீசரு கையில குடுத்துடு. ஆபீசருக்குத் தெரியட்டும், போலீசு வந்தாலும் வரட்டும். இவனுக்கு மட்டும் யாரு சொன்னாங்கன்னு தெரிய வேணாம்மா.

வர்றான், வர்றான். உறைய ஃபைலுக்குள்ள வை. நான்னு மூச்சு விட்டுடாத. கேக்கு எவ்வளவு பெருசுன்னு கேளு, சத்தமா கேளு.