ஒரு சர்க்கரைக்காகக் காத்திருந்த குழந்தை

இந்த ஆய்வகத் திறப்பு விழாவுக்குத் தலைமை ஏற்று, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே! அறிவால் நிமிர்ந்து அன்பால் குனிந்திருக்கும் சான்றோர்களே! பிள்ளையின் நெற்றியில் புறங்கையை வைத்தே காய்ச்சலின் கணக்கைச் சொல்லிவிடும் தாய்மார்களே! கொட்டாவியை மறைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கும் இளம் மருத்துவர்களே! உங்கள் அனைவரையும் நெஞ்சார வணங்குகிறேன்.

"தமிழ் பேசிப் பிழைக்கிறவருக்கு இங்க என்ன வேலை?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. நியாயமான கேள்வி ஐயா! நான் மருத்துவன் அல்லன். மருந்தின் பெயரைக்கூடப் பிழையின்றிப் படிக்கத் தெரியாதவன். ஆனால் நான் ஒரு தாய்மாமன். அந்த ஒரே தகுதியோடுதான் ஒலிவாங்கியைப் பிடித்திருக்கிறேன்.

என் தங்கை தையல்காரி. அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். அவர்களுக்கு ஒரே மகள். நாங்கள் மைனா என்று அழைப்போம். பெயரில்தான் பறவை. பிறந்தது முதல் அவள் படுத்த படுக்கை. காய்ச்சல் போகும், காது வலி வரும். காது ஆறும், நுரையீரலில் சளி கட்டும். விரலில் ஒரு கீறல் விழுந்தால் வாரக்கணக்கில் சிவந்து கிடக்கும். ஆனால் ஒரு துளி சீழ் வைக்காது.

"சீழ் வைக்காதது நல்லதுதானே?" என்கிறீர்களா அம்மா? நானும் அப்படித்தான் நினைத்தேன். "இல்லீங்க, அதுதான் கவலையா இருக்கு" என்றார் இந்த மருத்துவமனையின் சின்ன டாக்டரம்மா. சீழ் என்பது என்ன? கிருமியோடு போராடி மடிந்த வெள்ளை அணுக்கள். மைனாவின் இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவா? இல்லை! மற்ற குழந்தைகளைவிடப் பன்மடங்கு அதிகம். அத்தனை அணுக்கள் இருந்தும் ஒன்றுகூட ஏன் புண்ணை எட்டிப் பார்க்கவில்லை? எது தடுத்தது? எங்கே தடுத்தது?

விடை வேறொரு வாசல் வழியாக வந்தது. மைனாவுக்கு இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. எந்த இரத்தமும் சேரவில்லை. யாருக்கும் சேரும் என்கிற ஓ வகைகூடச் சேரவில்லை. அன்று டாக்டரம்மா என் தங்கையை நாற்காலியில் உட்கார வைத்துச் சொன்னார்:

"அக்கா, ஓ குரூப் ரத்தத்துலகூட ஒரு சின்னச் சர்க்கரை ஒட்டியிருக்கும். ஃபியூகோஸ்னு பேரு. பாப்பா ரத்தத்துல அது இல்ல. அதனாலதான் எந்த ரத்தத்தையும் அவ உடம்பு ஏத்துக்கல. வெள்ளை அணு மேலயும் அதே சர்க்கரை இருக்கணும். எங்கயாவது புண்ணு வந்தா, அதுக்குப் பக்கத்துல இருக்கற ரத்தக் குழாயோட சுவர்ல கொக்கி மாதிரி ஏற்பிகள் கிளம்பும். ஓடிட்டிருக்கற வெள்ளை அணுவை அந்தச் சர்க்கரையை வெச்சுத்தான் அடையாளம் கண்டு பிடிச்சுக்கும். பிடிச்சாத்தான் அணு வேகம் குறைஞ்சு, உருண்டு, நின்னு, சுவரைத் தாண்டி வெளிய போகும். பாப்பாவுக்குப் பிடிக்க ஒண்ணும் இல்ல. அதான் எல்லா அணுவும் ரத்த ஓட்டத்தோடயே அடிச்சுக்கிட்டுப் போயிடுது."

என் தங்கை கேட்டாள்: "இல்லாததைக் குடுக்க முடியாதா டாக்டர்?"

"முடியும்னு தோணுது. தண்ணில கரைச்சு வாய் வழியாவே குடுக்கலாம்."

என் மாப்பிள்ளைக்கு வந்ததே கோபம்! "பிள்ளை மூச்சு விடவே திணறுது. நீங்க சர்க்கரைத் தண்ணி குடுக்கறேங்கறீங்க!" அவரைக் குறை சொல்லாதீர்கள். பயந்த தகப்பனுக்குக் குரல் அப்படித்தான் வரும்.

டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. "இது சமையல் சர்க்கரை இல்லண்ணே. சில பிள்ளைங்களுக்குக் கேட்டிருக்கு, சிலருக்குக் கேக்கல. புதுசா வர்ற சர்க்கரையை உடம்பே எதிர்க்கவும் வாய்ப்பு இருக்கு. பொய் சொல்லி உங்களை ஒத்துக்க வைக்க மாட்டேன்."

தங்கை மகளைப் பார்த்தாள். மகளின் மூச்சைப் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "நீங்க பக்கத்துலயே இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"அப்பக் குடுங்க."

சிறு கரண்டியால் சொட்டுச் சொட்டாக ஊட்டினார்கள். முதலில் துப்பினாள். அடுத்த நாள் நக்கினாள். இன்னும் சில நாளில் கரண்டியைப் பிடித்து இழுத்தாள்! வாரங்கள் நகர்ந்தன. காய்ச்சல் தணிந்தது; திரும்பி வரவில்லை. ஆயினும் நம்பப் பயந்தோம். நம்பிக்கை வைத்து உடைந்த வீடல்லவா எங்கள் வீடு!

ஒரு காலை, நான் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் தங்கை. அழுகிறாள். "என்னம்மா ஆச்சு?"

"அண்ணே... மைனா தவழறப்போ முழங்கால்ல சிராய்ச்சுக்கிட்டா இல்ல... அதுல சீழ் வெச்சிருக்குண்ணே!"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள்! உலகத்தில் எந்தத் தாயாவது சீழைக் கண்டு ஆனந்தக் கண்ணீர் வடித்ததுண்டா? என் தங்கை வடித்தாள்! மாப்பிள்ளை டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தச் சின்னஞ்சிறு புண், வாரம் முடிவதற்குள் ஆறியது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று மேடைக்காகச் சொல்ல மாட்டேன். மைனா தாமதமாகத்தான் நடந்தாள். பேச்சு இன்னும் முழுதாக வரவில்லை. ஆனால் அவள் வளர்கிறாள். அவளுக்கு இன்று முழங்கால் புண் ஒரு சாதாரணப் புண்!

ஆகவே, இளம் மருத்துவர்களே, இந்தப் புதிய அறைக்குள் நுழையும்போது ஒன்றை மறவாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு சர்க்கரையை நீங்கள் தேடும்போது, கதவுக்கு வெளியே ஒரு தாய் நிற்கிறாள். தெரிந்தால் தெரியும் என்று சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் "பக்கத்திலேயே இருப்பேன்" என்ற சொல்லை மட்டும் எந்தத் தாய்க்கும் மறுத்துவிடாதீர்கள்! அறிவு தோற்கும் நாளிலும் தோற்காத சொல் அது! அன்றும், இன்றும், என்றும் தோற்காத சொல் அது!

செவி கொடுத்த உங்கள் பொறுமைக்கு நன்றி. அழைத்த அன்பு உள்ளங்களுக்கு வணக்கம். விடைபெறும் முன் ஒரு வேண்டுகோள். கைதட்டலிலேயே வயிறு வளர்த்தவன் நான். ஆனால் இன்று யாரும் கை தட்டிவிடாதீர்கள். அதோ, முன்வரிசை ஓரத்தில், டாக்டரம்மாவின் தோளில் சாய்ந்து எங்கள் மைனா தூங்குகிறாள்.