வேகிற கிழங்குக்கு வரும் ஆனை

— மாரியாத்தா கோயில்ல கற்பூரத்த அணைச்சுச் சொல்றேன் சுலோச்சனா, இதுல ஒரு எழுத்து பொய் இல்ல. சர்க்கரைவள்ளி வேகற வாசம் ஆனைக்கு மூணு மலை தாண்டிக் கேக்கும்.

— வாசம் எப்படிங்க மாமா கேக்கும்?

— அதுக்குக் காது பெருசு புள்ள.

— பயமுறுத்தாதீங்க. இப்பத்தான் சட்டிய அடுப்புல வெச்சேன். தேவாலா பஸ்ஸுல எம்பொண்ணு பேச்சி வர்றா. ஏழு மாசம். வாய்க்கு ஒண்ணும் புடிக்கலையாம், நம்மூட்டுக் கிழங்கு மட்டும் போதும்னு போன் பண்ணுனா.

— வரட்டும், நல்லா வரட்டும். போன மழைக்கு இந்தச் சமயக்கட்டுச் செவுத்தத் தள்ளுச்சே அந்த ஒத்தக்கொம்பன் ஆனை, எதுக்காம்?

— உப்புக்குன்னு பாரஸ்ட்டுக்காரர் சொன்னாருங்க.

— அவரு கோயமுத்தூர்க்காரரு, அவருக்கென்ன தெரியும்? நான் சிலோன்லயே ஆனைகூடப் பொழங்கினவன். அங்க இதுக்கு வத்தாளங்கிழங்குன்னு பேரு. ஒரு நாளு எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து ஊட்டு ஜன்னல்ல தும்பிக்கை நொழைஞ்சுச்சு. சட்டியத் தூக்குச்சு. தோலுரிச்சுத் தின்னுச்சு. அப்புறம் சட்டியக் கழுவிக் கவுத்து வெச்சிட்டுப் போச்சு.

— கழுவியா?

— சாம்பல் போட்டு. சாம்பல் எங்க எடுத்துச்சுன்னுதான் இன்னைக்கும் புரியல.

— வெளையாடாதீங்க மாமா. அந்த வேலிப்பக்கம் மூங்கில் ஒடியற சத்தம் கேட்டுதுங்களா?

— கேட்டுச்சு.

— ஐயோ! அடுப்ப அணைச்சுர்றேன்.

— அணைக்காத, அணைக்காத! அரவேக்காட்டு வாசம் இன்னும் மோசம். நல்லா வெந்தாத்தான் அடங்கும்.

— வெந்துருச்சுங்க, குத்திப் பாத்துட்டேன். குழி தோண்டிப் பொதைச்சரட்டுங்களா?

— பொதைச்சா அது தோண்டும். கூடவே உன் ஊட்டையும் தோண்டும். இங்க கொண்டா, நான் ஓடைக்கு அந்தாண்ட வெச்சிட்டு வர்றேன். கெழவன மிதிச்சா எஸ்டேட்டுக்கு என்ன நட்டம்?

— உங்களத் தனியா எப்படிங்க அனுப்பறது? வேண்டாங்க மாமா.

— பேச்சி வயித்துல இருக்கறத நெனச்சுக்க.

— அவளுக்கு ரெண்டே ரெண்டு எடுத்து வெச்சுக்கட்டுங்களா?

— வெச்சுக்க. ரெண்டு கிழங்குக்காகச் செவுத்த இடிக்காது, அதுக்கும் மானம் இருக்கு.

— இந்தாங்க, சுடுது, துணியோட புடிங்க.

— அந்தத் தேங்காத் துருவலையும் மேல போடு.

— அது எதுக்குங்க?

— வெறுங்கிழங்கு தொண்டைய அடைக்கும். பாவம், வாயில்லா ஜீவன்.

— பாத்துப் போங்க மாமா. ஏனுங்க, நில்லுங்க! ஒத்தக்கொம்பன் இப்ப எந்தப் பக்கமுங்க நிக்குது?

— அதுவா? நேத்து நீ கூடலூர் சந்தைக்குப் போயிருந்தப்பவே பாரஸ்ட்டுக்காரங்க மயக்க ஊசி போட்டு லாரில ஏத்திக் கொண்டுபோயிட்டாங்களே புள்ள.