ஒரே வாசகர்

உங்கள் மேசையில் இருக்கும் கணினி இப்படி இரையக் கூடாது ஐயா. உள்ளே காற்றாடியில் தூசி அடைத்திருக்கும். ஒரு பெயிண்ட் பிரஷ் இருந்தால் போதும், கழற்றித் தட்டிவிடலாம். ஈரத்துணி மட்டும் போட விடாதீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். சரி, அது கிடக்கட்டும். கேட்டதற்கு வருகிறேன். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவருக்கும் வசதியாக இருக்கும்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாசலில் நின்று ஃபிரேம் காட்டுகிறவன் இல்லை. பின்னால் உட்கார்ந்து லென்ஸைத் தேய்த்து ஃபிரேமுக்குள் பொருத்துகிறவன். நாள் முழுக்க எனக்குப் பேச்சுத்துணை அந்தத் தேய்க்கும் மெஷின்தான். வீட்டுக்கு வந்தால் என் கணினி. அது கடையில் வாங்கியது இல்லை. ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பிடித்து நானே கட்டியது. ஏதாவது மாற்றினால் உடனே படம் எடுத்து, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், எங்கே சொதப்பினேன் என்று என் இணையதளத்தில் எழுதுவேன். அந்தத் தளமும் வீட்டில் அதே கணினியிலிருந்துதான் ஓடுகிறது. கணினி நின்றால் தளமும் நின்றுவிடும்.

என் மனைவிக்கு இது பிடிக்காது. "பேசாம அந்தப் பெட்டியவே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க" என்பாள். ஆரம்பத்தில் சிரித்துக்கொண்டே சொன்னாள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை. கடை முதலாளி ஒருமுறை தளத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "இதையெல்லாம் யாருப்பா படிக்கிறாங்க?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஒருவர் படித்தார். வழிப்போக்கன் என்ற பெயரில் வருவார். நான் எதை எழுதினாலும் கீழே அவர் கருத்து இருக்கும். "புது ஃபேன் போட்டீங்களே, சூடு குறைஞ்சுதா?" என்று கேட்பார். "போன தடவ ஒயரெல்லாம் கண்டபடி கிடந்துச்சு, இப்பப் பாக்க லட்சணமா இருக்கு" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்து தளத்தில் ஒன்றும் எழுதாமல் இருந்தபோது, "என்னாச்சு, ஆளையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று ஒரு வரி போட்டிருந்தார். நான் இல்லாததைக் கவனிக்க உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை ஐயா. அவர் எங்கோ தூரத்தில் இருக்கும் பொறியாளர், என்னைப் போலவே வாயில்லாப் பூச்சி, அவருக்கும் வீட்டில் ஒரு மூலைதான் சொந்தம் என்றெல்லாம் நானே நினைத்துக்கொள்வேன். லென்ஸ் தேய்க்கும்போதே அவருக்கு எழுத வேண்டிய வாக்கியங்கள் மனதில் ஓடும்.

அண்ணனைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பா போனபிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். பஸ் டெப்போவில் பெயிண்ட் அடிக்கிற வேலை. முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தன் வயதில் பாதியைப் பெயிண்டுப் புகைக்குள்ளேயே கழித்தவர். என்னைக் கரையேற்றுகிற மும்முரத்தில் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. எப்போதும் எங்களோடுதான் இருந்தார். கடைசியில் நுரையீரல் காய்ந்த கடற்பஞ்சு மாதிரி ஆகிவிட்டது என்றார் மருத்துவர். கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஆக்சிஜன் மெஷின், மூக்கில் குழாய். அதற்கென்று இன்வெர்ட்டர் ஒன்றும் வாங்கிப் போட்டோம். "கரண்ட் போனா மெஷின் உடனே இன்வெர்ட்டர்ல ஓடணும். அதுவும் இல்லேன்னா சிலிண்டர மாட்டணும். இது விளையாட்டில்ல" என்று மருத்துவர் என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. காற்றோட்டம் உள்ள அறை வேண்டும் என்றதால் என் கணினி அறையை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் கூடத்து மூலைக்கு நான் வந்துவிட்டேன். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. என் மனைவியைக் கேட்டாலும் இதைச் சொல்வாள்.

சில மாதங்களுக்கு முன் கணினிக்கு மதர்போர்டு மாற்றினேன். தளத்தையும் புதுப்பித்தேன். வருகிறவர்கள் எந்த ஊர் இணைய இணைப்பிலிருந்து வருகிறார்கள் என்று காட்டுகிற ஒரு வசதியைச் சேர்த்தேன். வழிப்போக்கன் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ளும் ஆசை, வேறொன்றும் இல்லை. அவருடைய வருகை எல்லாமே எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து என்று காட்டியது. நான் ஏதோ தப்பாக அமைத்துவிட்டேன் என்று நினைத்து, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். மறுபடியும் அதையேதான் காட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை புதிதாக ஒரு பக்கத்தை வெளியிட்டுவிட்டு, எழுந்து போய் அண்ணன் அறை வாசலில் நின்றேன். நான் தேய்த்துக் கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மூக்குக்குக் கிட்டே பிடித்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே பண்றீங்க?"

நிமிர்ந்து பார்த்தார். சிரித்தார். சிரித்தால் அவருக்கு இருமல் வரும். இருமி முடிக்கும்வரை காத்திருந்தேன்.

"மாட்டிக்கிட்டேனாடா?"

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்துதான். நீ எழுதிட்டு, யாராவது வந்தாங்களா வந்தாங்களான்னு பாத்துக்கிட்டே இருப்பே. சாப்பிடக் கூப்பிட்டாக்கூடக் காதுல விழாது. பாக்கவே பாவமா இருந்துச்சு. எனக்கென்னடா தெரியும் அதப் பத்தி? ஏதாவது கேட்டா நீ சந்தோஷமாப் பதில் எழுதுவே. அவ்வளவுதான்."

"அவளுக்குத் தெரியுமா?"

"உன் பொண்டாட்டிதான் அந்தப் பேரையே வெச்சுக் குடுத்துச்சு."

நான் "பரவால்லண்ணே" என்றேன். தலையணையைச் சரிசெய்தேன். மூக்குக் குழாய் காதோரம் உரசிச் சிவந்திருந்தது, அங்கே கொஞ்சம் பஞ்சு வைத்தேன். "நீங்க பாட்டுக்கு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். தொடர்ந்து எழுதினார். மனுஷனுக்கு அவ்வளவு நல்ல மனசு.

கோபத்தில் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். கோபமே வரவில்லை. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளை அண்ணன் ஒரு சிரிப்பில் இல்லாமல் ஆக்கிவிட்டார். ஓர் உயிர் போனது போலத்தான் எனக்கு இருந்தது. துக்கம் விசாரிக்கத்தான் ஒருவரும் வரவில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நானும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யார் முதலில் செய்தது என்று பார்த்தால், அவர்தான்.

அதன்பிறகு நடந்ததை நீங்கள் சதி என்கிறீர்கள். எனக்கு அது வழக்கமான வேலைதான். இன்வெர்ட்டர் லைனைப் பிரித்துக் கணினிக்கும் மோடத்துக்கும் கொடுத்தேன். ஆக்சிஜன் மெஷினைப் பக்கத்திலிருந்த சாதாரண பிளக்குக்கு மாற்றினேன். இரண்டும் ஒரே மாதிரி வெள்ளைப் பிளக், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அந்த மெஷினில் கரண்ட் போனால் கத்துகிற ஒரு சின்ன பஸ்ஸர் இருக்கும். அண்ணன் தூங்கும்போது அது கத்தினால் திடுக்கிட்டுவிடுவார் என்று அதையும் எடுத்துவிட்டேன். என் கருவிப் பெட்டியில் மேல் தட்டில் இருக்கிறது. உங்கள் ஆட்களுக்குத் தேடச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

பராமரிப்பு வேலைக்காக அந்த வியாழக்கிழமை பகல் முழுக்க மின்சாரம் இருக்காது என்று முன்கூட்டியே செய்தி வந்திருந்தது. கடைக்கு லீவு சொன்னேன். காலையில் சிலிண்டரை நிரப்பக் கொடுத்து அனுப்பினேன். மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "சிலிண்டர் எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"வந்துரும். நான் இருக்கேன்ல."

"இருக்கீங்க, சரி. அந்தப் பெட்டி முன்னாடி உக்காந்தா இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு. உங்க அண்ணனக் கொஞ்சம் பாத்துக்குங்க."

மின்சாரம் போய்க் கூடத்துக் காற்றாடி நின்றதும் வீடு அமைதியாகிவிட்டது. கணினி ஒரு சிமிட்டுகூடச் சிமிட்டவில்லை. மின்சாரம் போனாலும் தளம் நிற்காதபடி செய்திருக்கிறேன் என்று அன்றைய பக்கத்தை எழுத ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் குரல் கேட்டது.

"தம்பி, மெஷின் நின்னுருச்சு போலருக்கே."

"இதோ வரேண்ணே" என்றேன்.

பிறகு சத்தம் இல்லை. சுவரை ஏதோ தட்டுகிற மாதிரி லேசாகக் கேட்டது, அதுவும் நின்றுவிட்டது. பக்கத்தை வெளியிட்டேன். கொஞ்ச நேரத்தில் புதுக் கருத்து ஒன்று வந்திருப்பதாகத் திரையில் காட்டியது. பெயர் வழிப்போக்கன். வாக்கியம்கூட முழுதாக இல்லை. அந்த விரலுக்கு அவ்வளவுதான் முடிந்திருக்கும்.

தம்பி மூச்சு வாடா

வேறு எதுவும் இல்லை. அதை இரண்டு மூன்று தடவை படித்தேன்.

மின்சாரம் திரும்பி வந்ததும் உள்ளே போனேன். மெஷினை ஆன் செய்தேன், குழாயைச் சரியாக மாட்டினேன். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "இந்த நுரையீரலோட இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு" என்றார். என் தோளைத் தட்டிக்கொடுத்தார். காரியமெல்லாம் முடிந்தபிறகு என் மனைவிதான் அண்ணனுடைய போனைச் சார்ஜில் போட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள். திரையில் அந்த வரி இருந்தது. அதற்குக் கீழே, உங்கள் கருத்து தள உரிமையாளரின் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது என்று இருந்தது. அவள் போனைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உங்களிடம் வந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

ஏன் அந்தக் கருத்தை வெளியிடவில்லை என்று கேட்டீர்கள். அந்தப் பக்கம் இன்வெர்ட்டரைப் பற்றியது ஐயா. சம்பந்தமில்லாததை நான் வெளியிடுவதில்லை, யார் எழுதினாலும் சரி. ஆனால் அழிக்கவும் இல்லை. இத்தனை நாளில் எனக்கென்று பொய்யில்லாமல் எழுதப்பட்ட வரி அது ஒன்றுதான்.

அவர் எதற்கு அதைத் தட்டிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. வாயைத் திறந்து ஒரு குரல் கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். பக்கத்து அறையில்தானே இருந்தேன்.