ஃபெர்கஸின் பெயரில் ஓடிய கணினி

அந்தக் கதவு திறந்தே இருக்கட்டும். சொல்லி முடித்த பிறகு சாத்திக்கொள்ளலாம்.

என் நண்பன் காலமின் அக்கா மெரிடித்துக்கு நடந்தது இது. மாலை ஆறு மணிதான். ஆனால் தாஸ்மேனியாவில் ஜூலை குளிர்காலம், ஆறு மணிக்கே கும்மிருட்டு. டோவருக்குப் போகும் சாலையில் அவள் கார் ஒன்றுதான்... எதிரே ஒரு விளக்குக்கூட வரவில்லை.

மீன் வைக்கும் குளிரறைகளின் கதவை இயக்கும் மென்பொருள் அவர்கள் கம்பெனியுடையது. அதைச் சோதிக்க, ஆள் நடமாட்டமில்லாத பழைய கிடங்கில் ஒரு குளிரறை, அதன் எதிரே ஒரு கணினி. சோதனை நிரலே திரையில் அம்புக்குறியை நகர்த்திக் கதவைத் திறக்கும், மூடும், பிறகு விடியும்வரை மூடியே வைத்திருக்கும். மறுநாள் காலைக்குள் ஒரு முறையாவது தடங்கலின்றி முடிய வேண்டும். இல்லாவிட்டால் அவள் வேலை போய்விடும். ஒரு வாரமாக ஒவ்வொரு இரவும் யாரோ நடுவில் அம்புக்குறியை இழுத்துக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

மெரிடித் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாள். திரை அணையாமலும் பூட்டிக்கொள்ளாமலும் செய்தாள். அறிவிப்பு, அப்டேட் எல்லாவற்றையும் நிறுத்தினாள். நின்றுபோனால் கணினி தானே எழுந்து மறுபடி ஓடும்படி வைத்தாள். சோதனையை ஓடவிட்டு, மவுஸையும் கீபோர்டையும் பிடுங்கிக் காரில் போட்டுப் பூட்டினாள்.

திரை மூலையில் மட்டும் வேறு யாருடையதோ ஒரு லாகின் பெயர். ஃபெர்கஸ்.

இந்த வேலையைத் தொடங்கியவன் அவன். போன குளிர்காலத்தில் அந்தக் குளிரறைக்குள்ளேயே செத்துக் கிடந்தான். மாரடைப்பு என்றார்கள். மெரிடித், தன்னோடு வேலை பார்க்கும் நைஜலுக்குப் போன் செய்தாள்.

"இன்னுமா அந்த மனுசன் பேர்ல ஓட்டுறீங்க?"

"அத எடுத்தா ஒண்ணுமே ஓடாது, தாயே. அவன் பாட்டுக்கு இருந்துட்டுப் போறான். அவனோட பெப்பர்மின்ட் டிராயர்ல கெடக்கும், வேணும்னா எடுத்துச் சாப்பிடு."

போனை மேசையில் வைத்தாள். அப்போது... அம்புக்குறி அசைந்தது.

மவுஸே இல்லை. ஆனாலும் மெல்ல, நடுங்கி நடுங்கி, 'திற' என்ற பொத்தானுக்குப் போனது. குளிரறைக் கதவு திறந்தது. பழைய மீன் வாடை. கதவின் சென்சரில் பனி படிந்துதான் இப்படி ஆகிறது என்று நினைத்து, அதைத் துடைக்க உள்ளே போனாள்.

டக்.

நிரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கிக் கதவை மூடிவிட்டது. உட்பக்கக் கைப்பிடி முறிந்து ஒரு துண்டுதான் மிச்சம். கதவின் கண்ணாடி வழியே திரை தெரிந்தது. போன் தெரிந்தது. எந்த மனிதக் கையும் தடுக்க முடியாதபடி எல்லாவற்றையும் அவளேதான் செய்து வைத்திருந்தாள். கத்தினாள். உதைத்தாள். இமையில் பனி கட்டியது. இங்கேயே செத்துப்போவோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் அந்த வாசனை... பெப்பர்மின்ட். தோளுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

டொக்... டொக்... கதவில் ஒரு விரல் தட்டியது. ஒவ்வொரு தட்டலுக்கும் திரையில் அம்புக்குறி கொஞ்சம் நகர்ந்தது.

கதவு திறந்தது. வெளியே வந்து விழுந்தாள்.

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் அவளுக்கு அழுகை வந்தது. அன்று உள்ளே மாட்டிக்கொண்டு செத்தவன், இன்னும் இந்தக் கதவைத்தானே திறக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். காரிலிருந்து கீபோர்டை எடுத்து வந்து மாட்டினாள். "போதும் ஃபெர்கஸ், வீட்டுக்குப் போ" என்று சொல்லி, அவன் கணக்கிலிருந்து வெளியேறினாள்.

திரை இருண்டது. அவள் வைத்தபடியே கணினி தானாக எழுந்தது. மூலையில் பெயர் வந்தது. மெரிடித். அவள் எதையும் தட்டவில்லை.

டக். வெளியே நின்றவளின் எதிரே குளிரறைக் கதவு மூடிக்கொண்டது.

அன்று இரவு சோதனை ஒரு தடங்கலுமின்றி முடிந்தது. கம்பெனியில் எல்லோருக்கும் சந்தோஷம்.

போன வாரம் என் நண்பன் காலம் வீட்டில் விருந்து. கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மெரிடித் மட்டும் தடித்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் சாப்பிடவில்லை. வலது ஆள்காட்டி விரல் மட்டும் மேசை விளிம்பில்... டொக்... டொக்...

"அக்கா, என்ன பண்றே?" என்று காலம் கேட்டான்.

அவள் நிமிரவில்லை.

"இன்னும் தெறக்கலடா."